எபா என்று கத்தியவர்

நேயர்களுக்கு வணக்கம். முன்பின் தெரியாதவர்கள் செய்த உதவியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு றேடியேற்றர்தான். வீட்டில் சொன்னேன். "பூசினிக்காயையும் மறக்காமல் சொல்லுங்கள்" என்றார் மனைவி. அதுவும் வரும்.

2023ஆம் ஆண்டு மகா சிவராத்திரி, பெப்ரவரி 18, சனிக்கிழமை. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து மன்னார் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்கு வானில் புறப்பட்டோம். அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர், வானின் சொந்தக்காரரான என் மைத்துனர், நான். கனடாவில் இருக்கும் அக்கா வீட்டார் விடுமுறை வந்தால் 'ஆர்.வி.' என்று ஒரு வண்டியில் ஊர் சுற்றுவார்கள். அடுப்பு, கட்டில், கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். எங்கள் வான் அதற்கு ஏழைச் சொந்தம். பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருந்தோம். காஸ் அடுப்பு, இரண்டு சட்டி, பிள்ளைகளுக்கு இடியப்பமும் சம்பலும். அம்மா விரதம், தண்ணீர் மட்டும்.

அப்போது தட்டுப்பாட்டால் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை முறை இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். இரண்டு கிழமைப் பங்கைச் சேர்த்துவைத்துத்தான் நாங்கள் இந்தப் பயணத்துக்கே துணிந்தோம். இந்த 4 லீற்றர்க் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

புத்தளம் வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து அநுராதபுரம் வீதியில் திரும்பி, கலா ஓயாப் பாலத்தையும் கடந்து கொஞ்சத் தூரம் போயிருப்போம். வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியது. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு முன்பக்கம் முழுவதும் வெள்ளை ஆவி. றேடியேற்றரின் மேல் குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்தோம். இரு பக்கமும் பற்றைக்காடு. கைத்தொலைபேசியில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

மைத்துனர் பொறுமைக்குப் பெயர் போனவர் அல்ல. துவாயை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு றேடியேற்றர் மூடியைத் திறக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று சடாரென்று நின்றது. வந்தவர் இறங்கவும் இல்லை, "எபா! எபா!" என்று கத்தினார்.

சிங்களத்தில் வேண்டாம், செய்யாதே என்று அர்த்தம். கத்தியதைக் கேட்டதும் வானுக்குள் இருந்த அம்மாவின் வலது கை நெற்றிக்குப் போனது. பொட்டின் மேல் விரல்கள் நின்றுவிட்டன. அழிக்கவில்லை. ஆனால் அழிக்கத்தான் போனது அந்தக் கை. 1983 ஆடியில், தமிழர்களைத் தேடித் தாக்கிய கலவரத்தின்போது, எனக்கு ஆறு வயது. அந்தக் கிழமை தமிழர் என்று தெரியாமல் இருக்க அம்மா பொட்டை அழித்ததும், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின்னறையில் ஐந்து நாள் வைத்திருந்ததும் எனக்கு ஒன்றாகவே நினைவில் இருக்கின்றன. அம்மாவின் கைக்கு முதலாவது மட்டும்தான் நினைவிருக்கிறது போலும்.

மனிதர் கத்தியது மைத்துனரின் கைக்காக. மூடியிருக்கும் றேடியேற்றரில் அழுத்தம் இருப்பதால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்தால் ஒரே வீச்சில் முகத்தில் பொங்கும். குழாய் வெடித்தால் அழுத்தம் போயிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். மைத்துனரும் அதைத்தான் கேட்டார். வந்தவர் குனிந்து பார்த்து, குழாய் வெடிக்கவில்லை, ஓரத்தில் கீறியிருக்கிறது, உள்ளே இன்னும் சூடு நிற்கிறது என்று காட்டினார். அரை மணி நேரம் யாரும் எதையும் தொடக்கூடாது என்பது உத்தரவு. தொடவில்லை.

சூடு ஆறியதும் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றிக் கட்டிப் பார்த்தார். கட்டு நிற்கவில்லை. புதுக் குழாய்க்கு நொச்சியாகம போகவேண்டும். அவர் வந்ததே அந்தத் திசையில் இருந்துதான். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியின் பின்னால் கட்டியிருந்த வெறும் பால் கேனை அவிழ்த்து எங்கள் வானின் நிழலில் வைத்தார். கேன் இருந்த இடத்தைக் கையால் தட்டி, "நகின்ன அய்யே" என்றார். ஏறுங்கள் அண்ணா. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். எங்கள் காதில் அது 'ஐயா' என்று விழும். பெரிய மனிதனாக நினைத்து அழைக்கிறார்கள் என்று சின்ன வயதில் கொஞ்ச நாள் நான் ஏமாந்திருக்கிறேன்.

போகவர முப்பது கிலோமீற்றராவது இருக்கும். பெற்றோல் லீற்றர் 400 ரூபா விற்ற மாதம் அது. காசைக்கூட விடுங்கள், காசைக் கொடுத்தாலும் அந்தக் கிழமைக்கு அவருக்கு 4 லீற்றருக்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. பாலை எடுத்துக்கொண்டு அவர் நாளும் ஓடவேண்டும். பின்னால் உட்கார்ந்து நான் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

கொழும்பில் நாங்களும் அப்படியொரு காலத்தைப் பார்த்தோம். 2022 ஜூனில், 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் ஆடிய றொஷான் மஹாநாம, வார்ட் பிளேஸ், விஜேராம மாவத்தைப் பக்கம் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குத் தேநீரும் பணிஸும் கொடுத்தார். படம் ஊரெல்லாம் போனது, நல்லதுதான். படம் எடுக்கப்படாத ஒன்றும் உண்டு. வரிசை பத்தடி நகர்ந்தால் யாரும் இயந்திரத்தை இயக்கமாட்டார்கள். முன்னால் நிற்பவரின் காரைத் தள்ளிவிட்டு வந்து உங்களுடையதைத் தள்ளுவீர்கள், பின்னால் நிற்பவர் தானாக வந்து கைகொடுப்பார். பெயர் கேட்டதில்லை. வரிசை தீர்ந்ததும் அதே வீதியில் ஹோர்ன் அடித்து ஒருவரை ஒருவர் திட்டினோம்.

நொச்சியாகமவில் எங்கள் வானுக்குப் பொருந்தும் குழாய் இருக்கவில்லை. கராஜ்காரர் வேறொரு வானின் நீளமான குழாயை எடுத்து, வளைவு பார்த்து வெட்டிக் கொடுத்தார். விலை பேசியதும் எங்கள் ஆள்தான், என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தபோது வானில் யாரும் இல்லை. ஒரு கணம் நெஞ்சு அடைத்தது. பிறகு பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வளைவுக்கு அப்பால் ஒரு சிறிய வீடு, முற்றத்தில் மாமரம். அம்மா பாயில் கால்நீட்டி இருந்தார், பொட்டோடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அம்மாவின் வயதுதான் இருக்கும். றேடியேற்றருக்கு என்று கிணற்றில் இருந்து இரண்டு வாளி நிறைத்து வைத்திருந்தார். அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்தது வேறு தண்ணீர், நீலக் கேனில் இருந்து.

அந்த நீலக் கேனை மனைவிதான் பிறகு எனக்கு விளக்கினார். வட மத்திய மாகாணத்தில் 1990களில் இருந்தே ஒரு சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகிறது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. நிலத்தடி நீரின் மேல் சந்தேகம். அதனால் பல ஊர்களில் கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்கச் சுத்திகரித்த நீரைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். அந்த வீட்டில் அப்படி வாங்கிய கேன் ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஆறு பேரும் வந்து போனபோது அதன் அடியில் ஒரு சாண் மிஞ்சியிருந்தது.

குழாயைப் பூட்டியதும் ஒரு தொகையை எடுத்து மோட்டார் சைக்கிள்காரரிடம் நீட்டினேன். "கமக் நே" என்றார், பரவாயில்லை என்று. பெற்றோலுக்காவது என்றேன். பால் கேனைத் திரும்பக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். பெயரை நான் கேட்டேன், அவர் சொன்னார். அவரிடம் அனுமதி கேட்காததால் இங்கே சொல்லவில்லை.

மாலை மங்கத் திருக்கேதீச்சரம் சேர்ந்தோம். கோயில் தீர்த்தமான பாலாவியில் நீர் மொண்டு சிவலிங்கத்துக்கு ஊற்றும் வரிசை நீண்டு கிடந்தது. அம்மா ஊற்றிவிட்டு வந்து சுவாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளையின் தண்ணீரை முடித்துவிட்டோம்" என்றார். எழுபது வயதுக்காரி, அம்மாவுக்குப் பிள்ளை.

மறுநாள் வரும் வழியில் அநுராதபுரத்தில் இரண்டு பெரிய போத்தல் குடிநீர் வாங்க வைத்தார். இனிப்பு வாங்குவோம் என்றேன், கேட்கவில்லை. மாமரத்து வீட்டில் நிறுத்தி இறக்கினோம். அந்தப் பெண் போத்தல்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். கொழும்பில் தண்ணீரைக்கூடக் கடன் என்று எழுதிவைப்பீர்களா என்று கேட்டார். பிறகு உள்ளே போய், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார் ஒரு பூசினிக்காய். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சொல் "எபா"தான். அதைச் சொன்னார். எடுபடவில்லை.

"கிஹில்லா என்னம்" என்றார் அம்மா, வெள்ளவத்தைச் சந்தையில் பழகிய சிங்களத்தில். போய்விட்டு வருகிறேன். விடைபெறும்போது போகிறேன் என்று மட்டும் சொல்லும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை.

மெத்தையில் பிள்ளைகளுக்கு நடுவே உருண்டு உருண்டு அந்தப் பூசினிக்காய் கொழும்பு வந்து சேர்ந்தது. எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டில் அன்று பூசினிக்காய்க் கறி. வணக்கம்.