ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா? காட்பாடி நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியைக் காட்பாடியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "எங்களுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிளக் ஒரு முறைகூட மாற்றவில்லை. சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்குகிறது. ஏலகிரி மலை ஏறும்போது இழுவை இல்லாமல் வெட்டி வெட்டிப் போனது. பிளக்கை நானே வீட்டில் மாற்றலாமா? இஞ்சின் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இரிடியம் பிளக் போட்டால் மைலேஜ் கூடுமா?"

தாராளமாக மாற்றலாம் அம்மா. பயமுறுத்துகிறவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த வெட்டல். இதோ, என் கையில் இருப்பது தேய்ந்துபோன பழைய பிளக். சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது இதுதான். நடுவில் இருக்கும் கம்பிக்கும், மேலே வளைந்திருக்கும் கம்பிக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிகிறது அல்லவா? புதிதில் அது பல கார்களில் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஒவ்வொரு பொறியும் கம்பியை இம்மி இம்மியாக அரிப்பதால் இடைவெளி அகன்றுகொண்டே போகிறது. அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். மேடு ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, பொறி தாண்டுவது இன்னும் கடினமாகிறது. அதனால்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தன் குறையைக் காட்டிவிட்டது. இப்படியே ஓட்டினால், பிளக்குக்கு அந்த உயர் மின்னழுத்தத்தைக் கொடுக்கும் காயிலும் சீக்கிரம் போய்விடும். காயிலின் விலை பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. இன்னொன்று: மீட்டரில் இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே பாழாக்கிவிடும்.

சாதாரண நிக்கல் பிளக் பெரும்பாலும் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். இரிடியம் 80,000, ஒரு லட்சம் வரைகூடப் போகும். உங்கள் வண்டியின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். மைலேஜ் கூடுமா என்றால், தேய்ந்த பிளக்கால் இழந்தது திரும்பி வரும், அவ்வளவுதான். இரிடியம் போட்டதற்காக மைலேஜ் தனியாக அதிகரிக்காது. பிளக்கின் குறியீட்டு எண்ணை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அதில் ஓர் இலக்கம் பிளக் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதைக் குறிக்கிறது. அது ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். என்.ஜி.கே. நிறுவனத்தில் எண் கூடினால் வெப்பத்தை வேகமாகக் கடத்தும் குளிர்ச்சியான பிளக், பாஷ் நிறுவனத்தில் எண் கூடினால் மெதுவாகக் கடத்தும் சூடான பிளக். ஆகவே எண்ணைப் பார்த்து ஊகித்து வாங்கக் கூடாது.

இப்போது வேலை. இஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். நம் வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் மதியம் நிறுத்திய வண்டி மாலை வரை சூடு தணியாது. இரவு நிறுத்திவிட்டு விடியற்காலையில் செய்யுங்கள். பிளக் பூட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு இரும்பு. சூட்டோடு திருகினால் அலுமினியத்தின் மரை பிளக்கோடு பெயர்ந்து வந்துவிடும்.

சாவியை எடுத்துவிடுங்கள். காயிலின் கனெக்டரில் இருக்கும் பூட்டை அழுத்தி விடுவியுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். காயிலின் போல்ட்டைக் கழற்றி, காயிலை லேசாக இடமும் வலமும் திருப்பி மேலே தூக்குங்கள். அந்தக் குழிக்குள் பாருங்கள். பாலாற்று மணல், கல் குவாரித் தூசு, காய்ந்த இலை என்று எல்லாம் கிடக்கும். பிளக்கைத் திருகுவதற்கு முன்பே சைக்கிள் பம்பால் ஊதி எடுத்துவிட வேண்டும். பிளக் வெளியே வந்தபின் அந்த மணல் நேராக சிலிண்டருக்குள்தான் விழும். எங்கள் பக்கத்தில் பலர் விட்டுவிடுகிற வேலை இது.

உள்ளே காந்தமோ ரப்பரோ வைத்த பிளக் சாக்கெட், ஒரு எக்ஸ்டென்ஷன், ராட்செட் போதும். 16 அல்லது 14 மில்லிமீட்டர் அளவு, வண்டியைப் பொறுத்தது. ஒன்றைக் கழற்றி, புதியதைப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றியவற்றை வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இஞ்சின் நலமாக இருக்கிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. முனையில் ஆயில் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆயில் மேலே குழிக்குள் மட்டும் நின்றால் பெரும்பாலும் இஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் சீல்தான், செலவு குறைவு. வெள்ளைப் பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் கலங்க வேண்டாம். அது உயர் மின்னழுத்தம் இழுத்த தூசுப் படிவு, கசிவு கிடையாது.

இனி அந்தப் பயப்பட வேண்டிய இடம். புதிய பிளக்கை உள்ளே விடும்போது முதல் சில சுற்றுகள். ராட்செட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். பிளக்கின் தலையில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்தே திருகுங்கள். முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். ஊறுகாய் பாட்டில் மூடி மரையில் உட்காரும்போது லேசாக இறங்குமே, அந்த இறக்கம் விரலுக்குத் தெரியும். பிறகு வலப்பக்கம் திருகுங்கள். கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதம் வராது. இரும்புக் கருவிக்கு அந்தக் கருணை இல்லை. கோணலாகவே உள்ளே தள்ளிவிடும், பிறகு மரை போட்டுக்கொண்டு வர ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும். ஆகவே விரல் பலத்தாலேயே அடிவரை போக வேண்டும். தடை வந்தால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

அடியில் உட்கார்ந்தபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். இல்லையென்றால் பிளக் பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள். புதிய வாஷர் உள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் அரைச் சுற்று வரும். வாஷர் இல்லாமல் கூம்பாக இருந்தால் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். பாதுகாப்புக்கு என்று இன்னொரு இழுப்பு வேண்டாம். மரையில் கிரீஸும் தடவாதீர்கள், வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே கூடாது. பீங்கானில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரிடியமாக இருந்தால் இடைவெளியைச் சரிசெய்ய முயலவும் வேண்டாம். அதன் முனை மிக மெல்லியது, இடைவெளி அளக்கும் கேஜ் பட்டாலே உடையக்கூடும்.

பழைய பிளக் அசையவே இல்லையா? பலம் காட்டாமல் அப்படியே விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பிளக்கை எட்டுவதற்கு, இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய வண்டியாக இருந்தாலும் அப்படியே.

எல்லாம் பூட்டியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் நடுக்கம் இருந்தால், கனெக்டர் 'டிக்' என்று பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியென்றால், எந்தக் காயிலின் கனெக்டரை எடுத்தாலும் நடுக்கம் கூடாமல் அப்படியே இருக்கிறதோ, அந்த சிலிண்டரில்தான் குறை. ஒவ்வொரு முறையும் இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கனெக்டரைத் தொட வேண்டும், சில நொடிகளுக்கு மேல் அப்படி ஓடவிடவும் கூடாது. அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றிப் பாருங்கள். குறையும் கூடவே இடம் மாறினால் காயில் ஒன்று வாங்க வேண்டும். மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும், கம்ப்ரஷன் என்கிற சிலிண்டர் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். அதற்கு வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். கழற்றிய நான்கு பிளக்குகளையும் வரிசை மாறாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.