சித்தர் மலையிலிருந்து ஒரு சூஃபியைப் பற்றி: குணங்குடி மஸ்தான் சாகிபு

[காட்சி: கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை. அடுக்கடுக்காகப் பூண்டு வயல்கள், நடுவே குழந்தை வேலப்பர் கோயில்]

வணக்கம். இந்தக் கோயில் சிலையைப் போகர் என்ற சித்தர் நவபாஷாணத்தில், அதாவது ஒன்பது நச்சுப் பொருள்களின் கலவையில், செய்தார் என்று பூம்பாறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கீழே பழநியில் போகர் சமாதியே இருக்கிறது. சித்தர் பேச்சு ஊறிப்போன இந்த மலையில் நின்று ஒரு சூஃபியை, அதாவது இறைக்காதலில் திளைத்த ஓர் இஸ்லாமிய ஞானியைப் பற்றிப் பேசக் காரணம் உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு அல்லாஹ்வைப் பாடியது இதே சித்தர் தமிழில்தான்.

இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்தவர். கீழக்கரையில் மார்க்கக் கல்வி. 17 வயதில் தாய்மாமன் மகளைக் கட்டிவைக்க வீட்டில் பேச்சு எடுத்ததும், வேண்டாம் என்று துறவுக்குக் கிளம்பிவிட்டார். திருச்சியில் குருவிடம் தீட்சை. அப்புறம் காடும் மலையும்தான். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாள் தனித்திருந்து தவம் செய்தார் என்பார்கள். கடைசியில் சென்னை இராயபுரம்.

[காட்சி: பழைய ஏட்டுப் பிரதி, கண்ணிகள் திரையில் நகர்கின்றன]

இனிதான் முக்கியமான இடம். சித்தர் பாடல்களில் மனோன்மணி என்றால் சக்தி. மஸ்தான் இறைவனையே மனோன்மணி என்ற பெண்ணாக்கி, காதலில் தவிக்கும் ஆணாகத் தன்னை வைத்துப் பாடினார். ஆண்டாளும் நம்மாழ்வாரும் இறைவனை நாயகனாகப் பாடிய தமிழில் இது தலைகீழ். பாரசீக சூஃபிகளிடம் இந்த வழக்கம் உண்டு. ஆனால் இவர் பாட்டில் எங்கும் வெளியூர் வாடையே இல்லை. அதுதான் என்னை வியக்க வைக்கிறது.

‘நான்’ என்ற நினைப்பு இருக்கும்வரை இறைவன் கிடைக்கமாட்டான், குரு இல்லாமல் ‘நான்’ போகாது. அவர் போதனையின் உயிர் இதுதான். அதனால்தான் பாக்தாதின் சூஃபி குரு முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி மீது ஒரு சதகமே, அதாவது நூறு பாட்டு, பாடினார்.

இராயபுரத்தில் அவரைத் தேடி வந்தவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை. திருத்தணிகை சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை என்ற புகழ்நூல் பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி என்ற இன்னொன்றைப் பாடினார். ஒரு முஸ்லிம் பக்கீருக்குச் சைவப் புலவர்கள் செய்த மரியாதை இது.

1838இல் மறைந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட தர்கா இராயபுரத்திலேயே இருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் பராபரக்கண்ணியில் தொடங்குங்கள். தாயுமானவர் ‘பராபரமே’ என்று அழைத்த அதே மெட்டு, இரண்டிரண்டு வரிதான். வாய்விட்டுப் படியுங்கள். சதகங்கள் கொஞ்சம் கடினம். அவற்றை அப்புறம் படிக்கலாம்.