கிமோனோவில் இடது பக்கம்தான் மேலே வரணும்

வணக்கம் மக்களே. போன வாரம் ஜப்பானில், க்யோட்டோவில், அந்த ஊர்ப் பாரம்பரிய உடையான கிமோனோ கட்டிக்கொண்டு ஒரு படம் போட்டிருந்தேன், கியோமிஸு கோயிலுக்கு ஏறுகிற தெருவில் எடுத்தது, நினைவிருக்கும். அதை நீக்கிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

படம் போட்ட ராத்திரியே ஒசாகாவில் இருக்கும் என் தோழி கூப்பிட்டாள். "கழுத்துகிட்ட பார், மாறிக் கிடக்கு" என்றாள். கிமோனோவில் வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டி மடிப்பார்கள், இடப்பக்கம் அதன் மேலே வரும். ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் இப்படித்தான். 719ஆம் வருஷமே அரசவையிலிருந்து இதற்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். வலது மேலே வருவது ஒரே ஒருவருக்குத்தான், இறந்தவருக்கு. இறுதிச் சடங்குக்கு முன்னால் உடம்புக்கு அப்படி மாற்றி உடுத்துவார்கள். நம் ஊரில் சாவு வீட்டில் இடமாகச் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள், நல்ல நாளில் யாராவது அப்படிச் சுற்றினால் வீட்டுப் பெரியவர்களுக்கு எப்படி இருக்கும்?

கடையில் கட்டிவிட்ட அம்மா சரியாகத்தான் கட்டியிருந்தார். செல்ஃபி கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிப் பதிவு செய்துவிட்டது, நான் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிட்டேன். தெரியாமல் நடந்ததுதான், ஆனால் என் தோழியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான், அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கடை அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆகணும். அறுபது வயசு இருக்கும். முதலில் ஜூபன் என்கிற உள்ளாடை, அதற்கு மேல் கிமோனோ, கணுக்காலைத் தாண்டி நீளும் துணி, அதை இடுப்பில் தூக்கி மடித்து, கயிறு கட்டி, மடிப்பை இரண்டு உள்ளங்கையாலும் நீவி நீவிச் சமன் செய்கிறார். பின்கழுத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு இழுத்துவிடுகிறார். ஓபி என்கிற அகலமான இடுப்புப் பட்டையைச் சுற்றி இறுக்கும்போது மூச்சைப் பிடி என்று சைகை காட்டினார். அப்புறம் தரையில் மண்டியிட்டு கீழ் ஓரத்தை என் கணுக்காலோடு வைத்துப் பார்த்தார் பாருங்கள், எனக்கு முதல் முதலாகப் புடவை கட்டிவிட்ட எங்கள் பெரியம்மா கொசுவத்தை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அதே இருப்பு. முகம்கூட அப்படித்தான் இருந்தது. நான் வெளிநாட்டுக்காரி என்கிற எண்ணமே அந்தக் கையில் இல்லை.

அதனால், வெளியாள் கிமோனோ கட்டலாமா என்று என்னைக் கேட்டால், கட்டலாம், ஜப்பானில் பெரும்பாலும் சந்தோஷமாகவே கட்டிவிடுவார்கள். ஆனால் அந்த ஊரிலேயே யார் எதைக் கட்டலாம் என்று கணக்கு உண்டு. ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கை தொங்குகிற ஃபுரிசோதே என்கிற கிமோனோ கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. ஐந்து இடத்தில் குடும்பச் சின்னம் போட்ட கறுப்புக் கிமோனோவில் கீழே மட்டும் பூவேலை இருந்தால் அது கல்யாணத்தில் மணமக்களின் அம்மாமார் கட்டுவது, வேலைப்பாடே இல்லாத முழுக்கறுப்பு துக்கத்துக்கு. கோடையில் கட்டுகிற பருத்தி யுகாத்தாதான் யாருக்கும் எளிது. படம் நன்றாக வரும் என்று கையில் கிடைத்ததை எடுக்காமல் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களே ஆசையாகச் சொல்லுவார்கள்.

எல்லா உடையையும் இப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிவிடவும் முடியாது. அமெரிக்கப் பூர்வகுடிகளில் சமவெளி மக்களின் கழுகு இறகுத் தலைக்கிரீடம் இருக்கிறதே, அதில் ஒவ்வொரு இறகும் ஒருவர் செய்த காரியத்துக்காகச் சம்பாதித்தது. அங்கேயே எல்லாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. 2012இல் உள்ளாடை ஃபேஷன் ஷோ ஒன்றில் ஒரு மாடல் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, கண்டனம் வந்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கேட்டுத்தான் ஆகணும்.

இன்னொன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 2015இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் மோனே 1876இல் வரைந்த கிமோனோ ஓவியத்துக்கு முன்னால், புதன்கிழமைகளில், அதே மாதிரித் தைத்த கிமோனோவைப் பார்வையாளர்கள் போட்டுப் படமெடுக்கலாம் என்று வைத்தார்கள். ஆசிய வம்சாவளி இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். போட்டுப் பார்க்கட்டும் என்று சில ஜப்பானியப் பெண்கள் கிமோனோவிலேயே வந்து நின்றார்கள். கடைசியில் தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதி என்று ஆனது. முதலில் எனக்கு எதிர்த்தவர்கள் மேல்தான் எரிச்சல். அப்புறம் 1942ஐப் பற்றிப் படித்தேன். போர்க்காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தது, அதற்கு முன்னாலேயே பயத்தில் எத்தனையோ வீடுகளில் ஜப்பானியப் பொருள்களை எரித்தார்கள், புதைத்தார்கள். பாட்டி ஒளித்து வைக்க வேண்டியிருந்த ஒன்றை இன்னொருவர் புதன்கிழமை பொழுதுபோக்காக மாட்டிக்கொண்டால் அந்தப் பேத்திக்கு வலிக்காதா? டொராண்டோவிலோ லண்டனிலோ பொட்டு வைத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சிரிப்பு வாங்கிய நம் பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்லுவார்கள். க்யோட்டோவில் இருக்கிறவருக்கு அந்த வலி தெரியாது, அவர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார், இரண்டுமே உண்மை.

2019இல் அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடைக் கம்பெனிக்கே கிமோனோ என்று பேர் வைக்கப் பார்த்தார். அப்போதைய க்யோட்டோ மேயரே அவருக்குக் கடிதம் எழுதினார், எப்போதும் கிமோனோவிலேயே வலம்வந்த மனுஷர் அந்த மேயர். பேர் மாறியது. அந்த ஊரில் நிஷிஜின் பக்கம் இன்னும் தறி ஓடுகிறது, முன்பு இருந்ததைவிட எவ்வளவோ குறைவாக. வாடகைக்குக் கிடைக்கிற கிமோனோக்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர். காசு இருப்பவர்கள் பழைய பட்டுக் கிமோனோ ஒன்றையாவது அங்கே வாங்கிக்கொண்டு வாருங்கள், பழையது என்பதால் நம்ப முடியாத மலிவு விலைக்குக் கிடைக்கும்.

சரி, படத்தை இடவலம் திருப்பி இன்று காலை மறுபடி போட்டிருக்கிறேன். தோழி பெரிதாக்கிக் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். வருகிற கோடையில் அவள் அம்மா எனக்கு யுகாத்தா கட்டக் கற்றுத் தருகிறார். பதிலுக்கு அவருக்குப் புடவை கட்டிவிடணுமாம், காஞ்சிப்பட்டுதான் வேணும் என்று இப்போதே நிறம்கூடச் சொல்லிவிட்டார், அரக்கு.