நான்கு பெண்களின் தகப்பன்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என்னை இங்கே கூப்பிட்டது நடுகற்களைப் பற்றிப் பேசத்தான். போனில் பேசிய தம்பி, "நவம்பர் கடைசி வாரந்தான் சார் இடம் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டார். நவம்பர் கடைசி வாரம் என்று காதில் விழுந்ததும் கல்லெல்லாம் மறந்துபோய் எனக்கு 2008 பம்பாய் பயங்கரவாதத் தாக்குதலில் உயிர்விட்ட ஒரு போலீஸ்காரரின் ஞாபகம் வந்துவிட்டது. சரி, கல்லையும் விடவேண்டாம், அந்த மனிதரையும் விடவேண்டாம், இரண்டையும் பேசிவிடுவோம் என்று வந்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எதிரே சுவரில் பெரிய கடிகாரம் மாட்டி வைத்திருக்கிறார்கள், எனக்காகவே மாட்டியது மாதிரி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சொந்த ஊர் செங்கம் பக்கம். பிழைக்கப் போனது பம்பாய். ஆர்.எம்.எஸ். என்று சொல்வார்களே, ரயில் தபால், அதில் கடிதம் பிரிக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. பாதி நாள் இரவு வேலை. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு ஏரிக்கரை, கொல்லைமேடு என்று கல் பார்க்கப் போக ஆரம்பித்தேன். "ரிடையர் ஆனவங்க காசிக்குப் போவாங்க, நீங்க கல்லுக்குப் போறீங்க" என்பாள் என் மனைவி.

நடுகல் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து நேயர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேடியப்பன் என்று நீங்கள் கும்பிடுகிறீர்களே, அதில் பல நடுகல்தான். ஊருக்குள் புகுந்து ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களை எதிர்த்துப் போய், மாட்டை மீட்டு, அந்தச் சண்டையில் செத்துப்போனவனுக்கு ஊரார் நட்ட கல். கையில் வில்லோ வாளோ இருக்கும். மேலே நாலு வரி எழுத்து இருக்கும். இந்த அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய ஆள், இன்னான், மாட்டை மீட்டுப் பட்டான், அவன் கல். 'பட்டான்' என்றால் செத்தான் என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம்.

இதில் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு. என் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம், அத்தனை முறை சொல்லிவிட்டேன், உங்களுக்கும் சொல்லாமல் விடமாட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர். மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்று ஒருவன், எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டிருக்கிறான். அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கென்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு." பாருங்கள், நாய்க்குப் பெயர் இருக்கிறது! கோவிவன். எத்தனை கள்ளனைக் கடித்தது என்ற கணக்கு இருக்கிறது, இரண்டு. எசமான் செத்த பிறகும் காத்துக்கொண்டு நின்றது என்கிற சேதி இருக்கிறது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம், ஒரு நாயை மறக்காத ஊர் என்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "நாய் பேரு இருக்கு, ராசா பேரு இருக்கு. அவன் பொண்டாட்டி பேரு?" என்றாள்.

இல்லை. அன்றைக்கு எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நான் போய்ப் பார்த்த கற்களை எல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். யாருக்காகச் செத்தான் என்று இருக்கும். எங்கே, எந்தச் சண்டையில் என்று இருக்கும். வீட்டில் யார் இருந்தார்கள், எத்தனை பிள்ளை, கொல்லைக்குப் போனால் எந்நேரத்துக்கு வீடு திரும்புவான், இது எதுவும் நான் பார்த்த கற்களில் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கல், எழுத்தெல்லாம் தேய்ந்து வழவழ என்று ஆகிவிட்டது. ஒரு பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றுகிறார். "இவரு யாரு ஆயா?" என்று கேட்டேன். "எங்க வூட்டுப் பெரியவரு." "பேரு?" "பேரு ஆருக்குத் தெரியும்? எங்களுக்குத் தாத்தா. ரெண்டு பொண்ணு அவருக்கு. சின்னவ வழி நாங்க." அதோடு இன்னொன்றும் சொன்னார். ஆடி மாதம் படையல் போட்டால் அவர்கள் வீட்டில் இலையைச் சீக்கிரம் எடுக்கமாட்டார்களாம், விடியும்வரை மூடி வைத்திருப்பார்களாம். ஏன் என்று கேட்டேன். "மாட்டுப் பின்னால போயிருக்காரு இல்ல, வர நேரமாவும்" என்றார். ஆயிரம் வருஷம் ஆகியிருக்கலாம், ஐந்நூறு ஆகியிருக்கலாம். கல்லில் எழுதாததை அந்த வீட்டுச் சோறு ஞாபகம் வைத்திருக்கிறது. அவர் வரவேண்டியவர். இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் அவர்களுக்குக் கணக்கு.

கடிகாரம் ஓடுகிறது. பம்பாய்க்குப் போவோம்.

2008 நவம்பர் 26, புதன்கிழமை. எனக்கு அன்று வேலை இல்லை, முந்தின ராத்திரி பார்த்துவிட்டு வந்து தூங்கி எழுந்திருந்தேன். கட்டாக்கில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஒருநாள் ஆட்டம். எங்கள் சால், அதாவது வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் இருக்கிற கட்டடம், அது முழுக்க டி.வி. சத்தம். நாம் ஜெயித்தோம். அதனால் ஒன்பதரை மணிக்கு மேல் எங்கேயோ துப்பாக்கிச் சத்தம் என்று முதல் போன் வந்தபோது, வெடி வெடிக்கிறார்கள் என்றே நினைத்தோம். அப்புறம் சி.எஸ்.டி. ரயில் நிலையம் என்றார்கள். லியோபோல்ட் கஃபே என்றார்கள். தாஜ் ஓட்டல், ஓபராய் ஓட்டல், நரிமன் ஹவுஸ். நான் தினமும் டிபன் டப்பாவோடு ஏறி இறங்குகிற சி.எஸ்.டி. அங்கே மட்டும் 50-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் ஊருக்குப் போகிற ரயிலுக்காக மூட்டை முடிச்சோடு தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள். அன்று என் கூட்டாளிகள் பலர் இரவு வேலையில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள், "அண்ணா, போன் எடுக்க மாட்டேங்குறார்" என்று. அந்த வாக்கியத்தை அந்த ராத்திரி எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. எங்களவர்கள் எல்லோரும் விடிந்து வந்து சேர்ந்தார்கள்.

பம்பாய் முழுக்க அந்தத் தாக்குதலில் வீடு திரும்பாதவர்கள் 166 பேர். அதில் ஒருவரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

துக்காராம் ஓம்ப்ளே. சாத்தாரா மாவட்டம், கேடம்பே கிராமம். முதலில் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். அங்கிருந்து ஓய்வுபெற்று 1991-ல் பம்பாய் போலீசில் சேர்ந்தார். 2008-ல் டி.பி. மார்க் காவல் நிலையத்தில் ஏ.எஸ்.ஐ., அதாவது உதவி சப்-இன்ஸ்பெக்டர். வயது 54. நான்கு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். துக்காராம் என்கிற பெயரே மராட்டியத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும், அபங்கம் என்கிற பக்திப் பாட்டுப் பாடிய மகானின் பெயர். அந்த மகானும் பெண்டாட்டி பிள்ளையோடு கடை வைத்துப் பிழைத்த சம்சாரிதான்.

அன்றிரவு சி.எஸ்.டி.யில் சுட்ட இரண்டு பேர், இஸ்மாயில் கான், கசாப், அங்கிருந்து காமா மருத்துவமனைப் பக்கம் போனார்கள். அங்கேதான் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்ட்டே, விஜய் சாலஸ்கர் என்கிற மூன்று அதிகாரிகளைச் சுட்டுக் கொன்று அவர்கள் வந்த போலீஸ் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அதை விட்டுவிட்டு ஒரு ஸ்கோடா காரைப் பறித்து, மெரின் டிரைவ் வழியாக கிர்காவ் சௌபாத்திக்கு வந்தார்கள். சௌபாத்தி தெரியாதவர்களுக்கு: பம்பாய்க்காரர்கள் குழந்தைகுட்டிகளோடு பேல்பூரி சாப்பிடப் போகிற கடற்கரை. நம் மெரினா சுண்டல் மாதிரி.

அங்கே நாகாபந்தி போட்டிருந்தார்கள், சாலையில் தடுப்பு வைத்து மறிப்பது. கார் தடுப்புக்கு முன்னாலேயே நின்று, முகப்பு விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, திரும்பப் பார்த்து நடுத்திட்டில் மோதிவிட்டது. இஸ்மாயில் போலீஸ் குண்டில் விழுந்தான். இன்னொருவன் கையில் ஏ.கே. 47. ஓம்ப்ளே கையில் இருந்தது லத்தி. லத்தி என்றால் மூங்கில் கழி, வேறொன்றும் இல்லை. அவர் போய் அந்தத் துப்பாக்கியின் குழலைப் பிடித்துவிட்டார். அவன் விசையை அழுத்தினான். இவர் விடவில்லை. உடம்பில் குண்டுகள் இறங்கியும் விடவில்லை, அதற்குள் மற்றவர்கள் பாய்ந்து அவனை அமுக்கிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது, கணக்குப்படி தேதி 27. நாம் 26 என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அவனை உயிரோடு பிடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் செத்தார்கள். அவர்களிடம் வேறு பெயர்களில் போலிக் கல்லூரி அடையாள அட்டைகள் இருந்தன. பத்தாவது ஆளும் செத்திருந்தால் அந்தப் போலிப் பெயர்களை வைத்துக்கொண்டு என்னென்ன பழி யார் யார் தலையில் விழுந்திருக்கும்! ஒருவன் உயிரோடு இருந்ததால்தான் கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்தது, 'குபேர்' என்கிற மீன்பிடிப் படகைப் பறித்தது, ரப்பர் படகில் கரை இறங்கியது எல்லாம் நீதிமன்றத்தில் பதிவானது. ஆர்தர் ரோடு சிறையிலேயே தனி நீதிமன்றம் போட்டு, அவனுக்கும் வக்கீல் வைத்து, விசாரித்து, 2010 மே மாதம் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம்வரை போனது. 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கு. ஒரு மூங்கில் கழிக்காரர் பிடியை விடாமல் இருந்ததால் நடந்த விசாரணை அது.

அடுத்த குடியரசு தினத்தில் அவருக்கு அசோகச் சக்கர விருது அறிவித்தார்கள். அவர் மனைவி வந்து வாங்கிக்கொண்டார். கிர்காவில் சிலை வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும்வரை ஒவ்வொரு நவம்பரும் அங்கே போய் நின்றுவிட்டு வருவேன்.

இங்கேதான் என் மனைவியின் கேள்வி வந்து நிற்கிறது. அவரைப் பற்றி எழுதியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். குழலைப் பிடித்தார், பட்டார். கல்வெட்டு நடை மாறவே இல்லை பாருங்கள், ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும்! 54 வருஷம் வாழ்ந்தவருக்கு ஒரு நிமிடத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டோம்.

மிச்சத்தை நான் எழுதலாமா என்றால், கூடாது. அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்க்க எனக்கு உரிமை கிடையாது. தெரியாததைக் கற்பனை பண்ணிச் சொல்வதும் பாவம். ஆனால் இரவு வேலை பார்க்கிற தகப்பன் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியும், நானே அப்படி இருந்தவன். பிள்ளைகள் தூங்கும்போது கிளம்புவான். அவர்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வருவான். சடை பின்னுகிற நேரத்தில் கண் எரிய எரிய உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வான். நான்கு பெண்கள் இருக்கிற வீட்டில் ரிப்பன் எத்தனை முழம் வாங்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். போலீஸ்காரர் வீடும் தபால்காரர் வீடும் இதில் ஒன்றுதான். கதவு தட்டுகிற சத்தத்தை வைத்தே அப்பா என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒருநாள் நோட்டில் நானே ஒரு கல் எழுதிப் பார்த்தேன், பழைய நடையிலேயே. சாத்தாராப் பக்கத்திலும் நடுகல் உண்டு, மராத்தியில் வீர்கள் என்பார்கள். அதனால் அவருக்கு இது அந்நியம் இல்லை. 'சாத்தாரா நாட்டுக் கேடம்பே ஊர் துக்காராம் ஓம்ப்ளே, பெண்மக்கள் நால்வர்க்குத் தந்தை, கழி கொண்டு நின்று, கள்ளனை உயிரொடு பிடித்துக் கொடுத்துப் பட்டான் கல்.' படித்துக் காட்டினேன். மனைவி கேட்டுவிட்டுச் சொன்னாள், "நீங்களும் பொண்டாட்டி பேரை எழுதலியே." பத்திரிகையில் வந்த பெயர்தான், எனக்கும் தெரியும். அந்த அம்மாவைக் கேட்காமல் எழுத மனசு வரவில்லை. நோட்டில் அந்த இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறேன்.

ஐயையோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா, இரண்டு நொடியா தெரியவில்லை. சி.எஸ்.டி. அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வானொலிக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று. மைக்கில் பேசிப் பேசியே லோக்கல் ரயில் பக்கம் இருந்த ஜனங்களைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பினார், அவர் கூண்டை நோக்கிச் சுட்டும் நிறுத்தவில்லை. அது தனியாக ஒருநாள். அப்புறம் சிலந்தி. 2021-ல் தாணே, கல்யாண் பகுதியில் கண்டுபிடித்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு 'இசியஸ் துக்காராமி' என்று ஓம்ப்ளே பெயரையே வைத்திருக்கிறார்கள். வலை பின்னிக் காத்திருக்காது அது, நேராகப் பாய்ந்து பிடிக்கும். கேடம்பேயில் நினைவிடம் கட்டவும் 2025-ல் அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது, அங்கே கல்லில் என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்க்க ஒரு நடை போய்வர ஆசை. கால் இருக்கிறது, மனைவியும் வருகிறேன் என்கிறாள், ரயில் டிக்கெட்டுதான்...

சரி சரி, விளக்கு மாறிவிட்டது. வணக்கம்.