காப்பகத்துக்கே போங்கள்: ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சென்னையின் இந்தப் புழுக்கத்திலும் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி: தேட வேண்டியது காப்பகத்திலா, கடையிலா?' என்பது தலைப்பு. கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கிற காப்பகத்தின் பக்கம் நான். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன் வெளுத்து வாங்கிவிட்டுப் போனார். காப்பகத்தில் அலைய விடுகிறார்களாம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கிறார்களாம். குட்டிக்கு என்ன நோய் இருக்குமோ, வளர்ந்தால் என்ன உயரம் வருமோ, ஆண்டவனுக்கே வெளிச்சமாம். கடை என்றால் அரை மணி நேரத்தில் ஒரு கையில் குட்டி, இன்னொரு கையில் பில் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பரவாயில்லை, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பீர்கள்.

அந்த அரை மணி நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், நடுவர் அவர்களே. அண்ணன் அதை வசதி என்கிறார். வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது என்கிறேன் நான்.

கடைக்குப் போய், கூண்டுக்குள் இருக்கும் குட்டியைக் காட்டி, "இதோட தாய் எங்கேங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பண்ணையில இருக்கு சார்" என்பார். எந்தப் பண்ணை, எந்த ஊர் என்றால் பேச்சு தீனிப் பாக்கெட் பக்கம் திரும்பிவிடும். 2017-இல் மத்திய அரசு நாய் வளர்ப்பு, விற்பனைக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. இரண்டு மாதம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு தாயை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி போட வைக்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடவே கூடாது. குட்டி ஈன வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கியவர் இந்த அரங்கத்தில் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன்.

இரண்டு மாதம் என்று சும்மா சொல்லவில்லை. கூடப் பிறந்ததைக் கடிக்கும்போது அது 'வீல்' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது. உள்ளங்கையில் அடங்கினால்தான் விலை போகும் என்று ஒரு மாதத்திலேயே பிரித்து எடுத்தால், அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுப் பாப்பாவின் விரலில்தான் அது படிக்கும்.

காப்பகத்திலும் தாய் இல்லாத குட்டிகள் இருக்கின்றனவே என்பார் அடுத்துப் பேசப்போகும் அக்கா. இருக்கின்றன. தாய் வண்டியில் அடிபட்டிருக்கும், அல்லது யாரோ புண்ணியவான் அட்டைப்பெட்டியில் போட்டுக் குப்பைத்தொட்டி ஓரம் வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் காப்பகம் அந்தக் கதையை மறைக்காது. எங்கே கிடைத்தது, என்றைக்குக் குடற்புழு மருந்து கொடுத்தோம், எந்தத் தடுப்பூசி பாக்கி என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள்.

சரி, நோய்க்கு வருகிறேன். குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸைச் சொல்லி அண்ணன் பயமுறுத்தினார். அதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பல இடங்களிலிருந்து குட்டிகள் வந்து சேரும் எந்த இடத்திலும் பார்வோ பயம் உண்டு. அந்தக் கிருமி தரையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் கடைக் கூண்டு என்ன கண்ணாடியால் செய்த ஆஸ்பத்திரியா? அதுவும் பல இடத்துக் குட்டிகள் வந்து சேரும் இடம்தான். காப்பகக்காரர்களாவது இந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பல குட்டிகளைத் தன்னார்வலர்களின் வீடுகளில் விட்டு வளர்ப்பதற்கே அதுதான் காரணம்.

அதனால்தான் தேடுங்கள் என்கிறேன். போன முதல் நாளே தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஈறு ஆரோக்கியமான இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கிறதா, கழிச்சல் தண்ணீராகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். சொறி பிடித்த குட்டி என்றால் ஒதுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தால் சில வாரங்களில் முடி முளைத்துவிடும். சாப்பிட்டு முடித்த நேரத்தில் ஒரு தடவை, தூங்கி எழும் நேரத்தில் ஒரு தடவை போங்கள். ஒரு காப்பகத்தில் நான் பார்த்தேன். ஆறேழு குட்டிகள் கம்பிக் கதவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் அதிகமாகக் குதித்ததையே கேட்டார்கள். பின்னால் நியூஸ்பேப்பரைக் கடித்துக்கொண்டு ஒரு கறுப்புக் குட்டி உட்கார்ந்திருந்தது. கூட்டம் கலைந்ததும் மெதுவாக வந்து, நின்றிருந்த ஒரு பாட்டியின் செருப்பை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது. அறுபதைத் தாண்டியவர் வீட்டுக்கு அதுதானே சரியான குட்டி? முதல் அரை மணி நேரத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

கறுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்தும் ஊர் இது. அவருடைய வாகனத்தைத் தத்தெடுக்கச் சொன்னால் 'கறுப்பு வேண்டாங்க' என்கிறார்கள். 'பொட்டை வேண்டாங்க' என்கிறார்கள். கடைசிவரை மிஞ்சுவது பெரும்பாலும் பெண் குட்டிகள்தான். கேட்டால், குட்டி போடுமே என்பார்கள். ஆறு மாதம் வாக்கில் கருத்தடை செய்யச் சொல்லித்தானே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன பயம்?

அண்ணன் குறை சொன்ன காப்பகக் கேள்விகளுக்கு வருகிறேன். வாடகை வீடா, பகலில் யார் இருப்பார்கள், மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா? ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் காப்பகத்துக்கே திரும்பி வந்த ஒரு குட்டி இருக்கிறது, நடுவர் அவர்களே. அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டது. ஆனாலும் வீட்டுக்காரர் முகம் சுளித்தால் முதலில் வெளியே போவது குட்டிதான் என்பது காப்பகத்துக்குத் தெரியும்.

இனம் தெரியாதே என்கிறார்கள். இனம் தெரிந்து வாங்கிய கதையைப் பார்ப்போமா? 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியது. ஊரெல்லாம் பக். மூக்கு அமுங்கிய அந்த ஜீவன் நம்ம ஊர் மே மாதத்தில் மூச்சு விடப் படும் பாட்டை விளம்பரத்தில் காட்டவில்லை. அப்புறம் ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கிற நாயை ஏ.சி. அறையில் பூட்டி வைத்தோம். 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் இந்த இரண்டையும் சேர்த்திருந்தது. இல்லை, எனக்கு லேப்ரடார்தான் வேண்டும் என்கிறீர்களா? அதையும் காப்பகத்திலேயே கேட்டு வையுங்கள். மோகம் தீர்ந்து கைவிடப்பட்ட கடை நாய்கள் வந்து சேரும் இடமும் அதுதான்.

எல்லோரும் இப்படிப் போனால் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் என்ன ஆகும் என்று எதிரணித் தம்பி கேட்டார். இன்றைக்கு எதிரணி கேட்டதிலேயே நல்ல கேள்வி அது. அந்த இனங்களைத் தலைமுறையாகக் காப்பாற்றி வருபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேட்டைக்கென்றே பிறந்த நாயை இரண்டு படுக்கையறை வீட்டில் வளர்ப்பது இனத்தைக் காப்பதாகுமா?

தெருநாய்களைப் பிடித்து அடைக்க வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும் என்று ஊரே இரண்டாகி நிற்கிறது. கேப்டன் சுந்தரம் 1959-இல் குடும்பத்தோடு தொடங்கிய ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, 1964-லேயே இந்தச் சென்னையில் தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தை ஆரம்பித்தும் சண்டை தீரவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்கள் வழக்கில், விரும்புகிறவர்கள் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக் கூடாது என்றது. டீக்கடையில் நின்று கத்துகிற இரண்டு தரப்பாரும் செய்யக்கூடிய காரியம் இது ஒன்றுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அடுத்து வரும் அக்காவுக்கு ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். குட்டி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. உங்களுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது, நாயைக் கொண்டுபோக வழியில்லை. காப்பகம் என்றால், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் தெருவில் விடாதே, எங்களிடமே கொண்டு வா என்று படிவத்திலேயே எழுதி வாங்கியிருக்கும். உங்கள் கடைக்காரர் அந்த நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா? பில்லைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள், அக்கா. நன்றி, வணக்கம்.