பந்தி விசாரிக்க ஆள் வேண்டும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

திருச்சபைப் பணியில் நமக்கான இடத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். வானொலி எல்லோர் வீட்டிலும் ஒலிப்பது. ஆலயத்துக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், எங்கும் போகாதவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் நான் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளை வைத்தே பேசிவிடுகிறேன். வழக்கங்கள் வேறாக இருக்கலாம். ஊர்க் காரியத்தில் நாலு பேரோடு சேர்ந்து நின்று வேலை பார்த்த யாருக்கும் இது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆலயத்துக்குள் வந்து பார்த்தால் கண்ணில் படுகிறவர் குருவானவர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. விடியுமுன் கதவைத் திறந்து மணியடிக்கிற கோயில் குட்டியார், கிராமத்துச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், சனிக்கிழமை மாலை தொண்டை கட்டுகிறவரை பாட்டுப் பழகுகிற பாடகர் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள், வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி வருகிற அம்மாமார், ஆராதனை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு காணிக்கையை எண்ணிக் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள். பட்டியல் இன்னும் நீளும்.

இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில், புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்திடம் கேட்டுப் பாருங்கள். "நமக்கு அங்கே என்ன இருக்கு, எல்லாத்தையும் அவங்களே பார்த்துக்கிறாங்க" என்பார்கள். பழைய ஆட்களிடம் போய்க் கேளுங்கள். "ஒருத்தரும் முன்னால வர மாட்டேங்கிறாங்க, எல்லாத்தையும் நாமளே இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டியிருக்கு" என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரே ஆலயத்தில், ஒரே தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறார்கள்.

இதற்கு இப்போது ஒரு வைத்தியம் வந்திருக்கிறது. வரங்களை, அதாவது கடவுள் அவரவருக்குக் கொடுத்த திறமைகளைக் கண்டுபிடிக்கிற வினாத்தாள். உங்களுக்குப் பேச வருமா, பாட வருமா, பிறரை நடத்த வருமா என்று கேட்டு, மதிப்பெண் போட்டு, இதுதான் உங்கள் வரம் என்று சொல்லிவிடுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பல காலம் மதிப்பெண் போட்டவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. பாடத் தெரிந்தவர் பாட வரும் என்று எழுதுவார், சரி. ஆனால் சாவு வீட்டில் போய் ஒன்றும் பேசாமல் இரண்டு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர், தனக்கு அது வருகிறது என்பதையே அறிந்திருக்க மாட்டார். அவரை அந்த வீட்டுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால்தான் மற்றவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆகவே என் வரம் என்ன என்கிற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இங்கே எது நடக்காமல் கிடக்கிறது என்று பார்க்கத் தொடங்குவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. வேதாகமத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். எருசலேமில் ஆதித் திருச்சபை. விதவைகளுக்குத் தினமும் உணவு பங்கிடுகிறார்கள். அதில் கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழும்புகிறது. சோற்றுப் பிரச்சினை, அதோடு சேர்ந்து மொழிப் பிரச்சினை. இன்றைக்கும் ஒரு சபையை இரண்டாக்க இவை போதும்.

சபையை நடத்திவந்த இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. தாங்களே கரண்டியைக் கையில் எடுக்கவும் இல்லை. உங்களில் நல்ல பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள், இந்த வேலையை அவர்களிடம் கொடுப்போம் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று போகிற அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்! நம் கமிட்டிகளில் குறை சொன்னவரிடம் பொறுப்பைக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவருக்குத் தகவல் போகாமல் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பந்தி விசாரிக்க நியமித்த அந்த ஸ்தேவான்தான் கிறிஸ்துவுக்காக முதலில் உயிரைக் கொடுத்தவர். பிலிப்பு சமாரியாவுக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். வனாந்தர வழியில் எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தில் ஏறி உட்கார்ந்து வேதத்தை விளக்கிச் சொன்னார். அவர்களுக்கு முதலில் கிடைத்த வேலை சோறு பங்கிடுவது. மற்றவை அதன்பின் வந்தன.

பாளையங்கோட்டைக்கு வருகிறவர்களுக்கு குளோரிந்தா ஆலயத்தைக் காட்டுவார்கள். ஊரார் வாயில் அது பாப்பாத்தியம்மாள் கோயில். குளோரிந்தா மராட்டிய பிராமணக் குடும்பத்துப் பெண். கணவனை இழந்தவர். பிறகு ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தார், அவரிடமிருந்தே கிறிஸ்தவத்தைப் பற்றியும் கேள்விப்பட்டார். அந்த உறவைக் காரணம் காட்டி அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். பிறந்த சமூகத்தில் இடம் இல்லை, போய்ச் சேர்ந்த சமயத்திலும் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எனக்குச் சபையில் இடம் இல்லை என்று மனம் நொந்து பேசுகிறவர்கள் இந்த அம்மாவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அவர் என்ன செய்தார்? 1780-இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். சின்னக் கூட்டம். கூடி ஆராதிக்க நல்ல கட்டடம் இல்லை, அவர் முன்னின்று கட்டினார். 1785-இல் ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். சபைக்குப் போதிக்க ஆள் இல்லை, உபதேசியாரை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார். அப்படி வந்தவர்களில் ஒருவரான சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். தண்ணீருக்குக் கிணறும் குளோரிந்தா வெட்டிக்கொடுத்தார். யாரும் அவருக்குப் பதவி எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. எது இல்லையோ அதைச் செய்தார், அவ்வளவுதான்.

இனி அசனத்துக்கு வருகிறேன். எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் நடக்கும். பணக்காரர், ஏழை, மதம் எதுவும் பார்க்காமல் ஊருக்கே சாப்பாடு. அரிசி ஒருவர் தருவார், ஆடு ஒருவர் தருவார், காய்கறி வேன் வைத்து வந்து இறங்கும். முந்தின நாள் ராத்திரி ஆலய வளாகத்தில் வந்து நின்று பாருங்கள். வெங்காயம் உரிக்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊர் விவகாரம் எல்லாம் பேசி முடிப்பார்கள். பெரிய பெரிய வார்ப்புகள் அடுப்பில் ஏறும். விடியற்காலையில் சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டுவார்கள். ஆவி அப்படியே மேலே எழும்பும். யாருக்கு எது வரும் என்பது அந்த ஒரு ராத்திரியில் வெளியாகிவிடும். எந்த வினாத்தாளும் வேண்டியதில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர் யார், வாய் திறக்காமல் விறகு தள்ளுகிறவர் யார், தம்பி, அந்தக் கத்தியை இப்படிப் பிடி என்று பக்குவமாகச் சொல்லிக்கொடுக்கிறவர் யார், எல்லாம் தெரிந்துவிடும்.

ஒருமுறை பணி ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனர் ஒருவர் எங்கள் சபைக்குப் புதிதாக வந்தார். பாடத் தெரியாது. பொதுவில் ஜெபம் பண்ணச் சொன்னால் வேர்த்துவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் கூறியதும் எழுந்து போய்விடுவார். அந்த வருஷ அசனத்தில் கூட்டம் பந்தியில் முட்டி மோதியபோது, எங்கிருந்தோ ஒரு பழகிய குரல் வந்தது. "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க. அம்மா, பிள்ளையை மடியில வச்சுக்கோங்க. அடுத்த பந்திக்கு இன்னும் சோறு இருக்கு, யாரும் ஓட வேண்டாம்." கூட்டம் கேட்டது! வேலை பார்த்த காலமெல்லாம் ஆள் எண்ணிப் பழகியவர். எந்தப் பந்திக்கு எத்தனை இலை என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் அன்று செய்தார். வர முடியாமல் வீட்டில் படுத்துக் கிடக்கிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு தெருக்காரரிடமும் கேட்டுப் பழைய டைரியில் குறித்துக்கொண்டு, முதல் பந்தி போடுமுன்னே தூக்குவாளிகளில் அவர்களுக்குச் சாப்பாடு அனுப்பினார். அசனம் முடிந்தது. டைரி அவர் கையிலேயே இருந்தது. அதை ஐயரிடம் காட்டினார். மாதந்தோறும் ஐயர் அவர்கள் வீட்டில் திருவிருந்து, அதாவது ஆராதனையில் தருகிற அப்பமும் ரசமும், கொடுக்கப் போகும்போது இப்போது அந்த டைரிதான் வழிகாட்டுகிறது. அவர் இன்னும் பொதுவில் ஜெபம் பண்ணுவதில்லை.

சில பேருக்குத் தங்கள் இடம் சொந்தச் சபைக்கு வெளியே இருக்கும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் நல்ல பொறுப்பில் இருந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியிடத்துக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. சங்கத்தைத் தொடங்கிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1909-இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்குப் புறப்பட்டுப் போனார். 1912-இல் அங்கே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேயர்கள் சிரிப்பீர்கள். பல சபைகள் சேர்ந்த எங்கள் திருமண்டலத்தின் தேர்தல் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும்போது தெருச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டமன்றத் தேர்தல் தோற்றுவிடும். கமிட்டிக்குப் போட்டி, செயலாளர் நாற்காலிக்குப் போட்டி. ஓய்வுநாள் பள்ளியில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை சொல்ல மட்டும் போட்டியே கிடையாது. அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் நிற்கிறார்கள். கமிட்டி மேசையைச் சுற்றி அவர்களை எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிச்சப்படும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கூட்டுகிற வேலை இன்னார் வீட்டுக்கு, குழி வெட்டுகிற வேலை இன்னார் வீட்டுக்கு என்று பிறப்பைப் பார்த்து ஒதுக்குகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் விட்டபாடில்லை. தாழ்மையான பணி என்று பிரசங்கத்தில் புகழ்ந்துவிட்டு, அதை எப்போதும் ஒரே தெருக்காரர் தலையில் கட்டுவது ஊழியம் ஆகாது. அந்த வேலை அவ்வளவு மேன்மையானது என்றால் கமிட்டி உறுப்பினர் விளக்குமாற்றை எடுக்கட்டும். அந்தத் தெருப் பையனிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது, முதல் வருஷம் ஒரே ஒரு வேலையை எடுங்கள் என்பதுதான். ஆர்வத்தில் நாலு வேலைக்குத் தலையாட்டிவிட்டு, ஆறாவது மாதத்தில் நாலையும் போட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ன வேலை எடுப்பது என்று தெரியவில்லையா? ஐயரிடம் போகுமுன் கோயில் குட்டியாரிடம் போங்கள். எந்த மின்விசிறி ஓடவில்லை என்பதிலிருந்து எந்தக் கிழவி மூன்று வாரமாக வரவில்லை என்பது வரை அவருக்குத் தெரியும்.

பழையவர்களுக்கும் ஒன்று. ஒரு பொறுப்பை நீங்கள் இருபது வருஷமாகப் பார்க்கிறீர்கள் என்றால் அது பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் உங்கள் பக்கத்தில் அதைக் கற்றுக்கொண்டிருக்கிற ஆள் யார்? காணிக்கை எண்ணும்போது ஓர் இளம்பிள்ளையை உங்கள் கூடவே உட்கார வையுங்கள். அவள் எண்ணட்டும், நீங்கள் சரிபாருங்கள். ஒரு நாள் உங்களால் வர முடியாமல் போனாலும் வேலை நிற்காது. அவளும் அடுத்த வாரம் தானாக வருவாள், ஏனென்றால் தன்னை எதிர்பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கோடை விடுமுறை வருகிறது. எல்லாச் சபைகளிலும் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கும். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து வரும். காலை முழுவதும் பாட்டும் கதையும் கூச்சலும்தான். வருஷந்தோறும் ஆசிரியர்கள் போதாமல் கடைசி நேரத்தில் அலைவோம். கதை சொல்ல வருமா, வாருங்கள். கதை வராது, பாட்டு வரும் என்றாலும் வாருங்கள். இரண்டுமே வராது என்றால் இன்னும் நல்லது, இடைவேளையில் பிஸ்கட் கொடுக்கவும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவும்தான் எங்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.