காதருகே குலுக்கிப் பார்த்த பாட்டுகள்

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை, இசை கேட்கும் நண்பர்கள் கூடிய இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வார இறுதியில் நான் கேட்கிற இண்டி பாப் ஆல்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "இண்டின்னா என்ன?" என்று வாசலிலேயே ஒரு அண்ணன் கேட்டுவிட்டார். பெரிய கம்பெனியை நம்பாமல், தானே பாட்டுக் கட்டி, கிடைத்த இடத்தில் பதிவு செய்து, சின்ன அளவில் வெளியிடுவது என்று சொன்னேன். நம் ஊர்க்காரருக்கு இதை இன்னும் கிட்டத்தில் வைத்தே சொல்லலாம்.

ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ. ஒரே மதிலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. பாட்டு பிறக்க அது ஒரு வழி. இன்னொரு வழி, இண்டியின் வழி, நம் கொலுசுப் பட்டறை மாதிரி. கம்பி இழுப்பது ஒரு வீட்டில், பற்ற வைப்பது அடுத்த வீட்டில், மெருகு போடுவது வேறொரு தெருவில். எங்கள் வீட்டுக் கூடமும் பட்டறைதான். கொலுசு முடிந்ததும் அப்பா அதைக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்குவார். சலங்கையில் ஒரு முத்து பேசவில்லை என்றால், அந்த இடத்தை மட்டும் பிரித்து மறுபடி பற்ற வைப்பார். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் பேசக் கூடாது.

இண்டி பாப்பை அப்படித்தான் கேட்கிறேன், காதருகே வைத்து.

முதலில் 'தி எக்ஸ் எக்ஸ்' என்ற லண்டன் குழு. 2009-இல் வந்த முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயரேதான். அப்போது அவர்களுக்கு இருபது வயதுதான் இருக்கும். பெரிய கம்பெனிகளைச் சேராத ஒரு இசை வெளியீட்டாரின் சிறிய பதிவறையில், பெரும்பாலும் இரவில் பதிவு செய்தார்கள். குழுவில் பாடுகிற ரோமியும் ஆலிவரும் சின்ன வயதிலிருந்து நண்பர்கள். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர் பதில் சொல்வதுபோல் அடுத்த வரியைப் பாடுகிறார். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அவ்வளவு தணிந்த குரல். ஒரு கிடார் சுரம் அடங்கி அடுத்தது வரும் வரை எதையும் இட்டு நிரப்பவில்லை. அந்த வெற்றிடம்தான் என்னைக் கட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு அந்த ஆல்பத்துக்கு, பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி விருது கிடைத்தது. சத்தமே போடாத ஒரு ஆல்பத்துக்குக் கிடைத்ததே என்று இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து 'பெல் அண்ட் செபாஸ்டியன்'. இவர்களின் முதல் ஆல்பமான 'டைகர்மில்க்' 1996-இல் ஒரு கல்லூரி மாணவர்களின் பயிற்சித் திட்டமாக வெளியானது. அடித்தது மொத்தம் 1,000 இசைத்தட்டுகள். பாட்டுகளை எழுதிய ஸ்டூவர்ட் மர்டாக் அதற்கு முன் பல ஆண்டுகள் தீராத சோர்வு நோயால் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். அந்தக் காலத்தில்தான் பாட்டு எழுதவே ஆரம்பித்தார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவரின் கண் அந்தப் பாட்டுகளில் தெரிகிறது: பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ், தனியாக நடப்பவர்கள். யாரையும் அவர் கேலி செய்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஆல்பம்தான். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது.

'போன் ஈவேர்' என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன் 2007-இல் தானே வெளியிட்ட ஆல்பத்தை இண்டி ஃபோக், அதாவது நாட்டுப்புறப் பாட்டின் சாயல் உள்ள இண்டி, என்று தனியாகப் பிரிப்பார்கள். பிரிக்கட்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில், குளிர்காலத்தில், தன் அப்பாவின் வேட்டைக் குடிலில் தனியாகத் தங்கி அதன் பெரும்பகுதியைப் பதிவு செய்தார். உச்சக் குரலில், தன் குரல்மேலேயே தன் குரலை அடுக்கிப் பாடியிருக்கிறார். பாதிச் சொற்கள் பிடிபடாது. சேலத்து வெயிலில் கேட்டபோது எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு மார்கழிச் சனிக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டேன். ஏழெட்டு வளைவு தாண்டியதும் பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி பாதி தெரிந்தும் தெரியாமலும் போனது. சொல் பாதி, மூச்சுப் பாதியாக வந்த அந்தக் குரல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 37 நிமிட ஆல்பம். இருபதாவது வளைவுக்கு முன்பே முடிந்துவிட்டது. மிச்ச வழி முழுக்க வேறு எதையும் போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் நாட்டில் பிரதீக் குஹாட் என்ற பாடகர் 2018-இல் ஆறே பாட்டில் ஒரு தொகுப்பு தந்தார். ஞாயிறு மதியத்துக்குப் பொருத்தம். தமிழில் கபேர் வாசுகியைக் கேளுங்கள்: ஒரு கிடார், வீட்டில் பேசுகிற தமிழ்.

தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டுகளை வரிசை கலைத்துப் போடுகிற ஷஃபிளில் கேட்காதீர்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். கொலுசில் கண்ணியை மாற்றிப் போட்டால் எங்கள் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். மலைக்குப் போவதாக இருந்தால் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும்.

சரி, பேசியது போதும். சின்ன ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். 'டைகர்மில்க்' முதல் பாட்டைப் போடுகிறேன். ஆரம்பத்தில் குரல் மிக மெதுவாக வரும். யாராவது அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.